1,600 ரூபாய் ஃபவுண்டேஷன் 200 ரூபாய்க்கு

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டால் என் கிளினிக்கில் ஒரு ஜோடி கட்டாயம் உட்கார்ந்திருக்கும். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்ட பெண், பக்கத்தில் மஞ்சப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அம்மா. பைக்குள் பழைய மருந்துச் சீட்டு இருக்காது, கல்யாணப் பத்திரிகை இருக்கும். "நாலு நாள்தான் இருக்கு டாக்டரம்மா, ஒரு ஊசியப் போட்டு அமுக்கி விட்ருங்க."

சமீபத்தில் வந்த பெண், மணப்பெண்ணின் தங்கை. இரண்டு கண் இமைகளும் வீங்கி, கன்னம் முழுக்கச் சிவந்து, தாடையோரம் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். என்ன போட்டாய் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு ஃபவுண்டேஷன் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். "நல்ல பிராண்டுதான் டாக்டர். எம்.ஆர்.பி. 1,600. ஆஃபர்ல 200 ரூபாய்க்குக் கிடைச்சது."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பிராண்டின் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. தயாரிப்பாளர் முகவரி கிடையாது. உரிம எண் கிடையாது. காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதை நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு தேதி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார்: "அப்பவே சொன்னேன், கேட்டாளா? சீப்பா வாங்குனா இப்படித்தான்னு."

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெண் மேல் இல்லை, அந்த வாக்கியத்தின் மேல். இனிமேல் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கடன் வாங்கியாவது 2,000 ரூபாய்க்கு ஒன்று வாங்குவார்கள். அடுத்த சீசனில் அதே பெண் அதே நாற்காலியில் வந்து உட்காருவாள்.

முகத்தில் பூசும் ஒரு காம்பேக்ட் பவுடருக்குள் என்னதான் இருக்கிறது? டால்க், மைக்கா, டைட்டானியம் டையாக்சைடு, நிறத்துக்கு இரும்பு ஆக்சைடுகள், தோலில் ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் சிலிக்கோன் அல்லது எண்ணெய், கெடாமலிருக்க ஒரு பிரிசர்வேட்டிவ், கடைசியாக வாசனை. 150 ரூபாய் காம்பேக்ட்டின் பின்பக்கத்தையும் 2,500 ரூபாய் காம்பேக்ட்டின் பின்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். முதல் ஐந்தாறு பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மீதிப் பணம் கண்ணாடி வைத்த டப்பாவுக்கும், விளம்பரத்தில் சிரிக்கும் நடிகைக்கும், மால் வாடகைக்கும் போகிறது. வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. விலை கூடியதில் பவுடர் இன்னும் நைசாக அரைபட்டிருக்கும், தோலில் திட்டுத்திட்டாக நிற்காது, நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பொருந்தும் ஷேடுகள் கூடுதலாகக் கிடைக்கும். மலிவானதில் மூன்றே ஷேடு, மூன்றும் நம் முகத்தில் சாம்பல் பூசியது போல நிற்கும். ஆனால் இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட குறை. தோல் நோய் சம்பந்தப்பட்டது இல்லை.

அலர்ஜி வந்தவர்களுக்கு நாங்கள் பேட்ச் டெஸ்ட் செய்வதுண்டு. சந்தேகப்படும் ரசாயனங்களைச் சிறு சிறு குழிகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, தோல் எதற்குச் சிவக்கிறது என்று பார்ப்போம். வாசனைப் பொருள்களுக்கு ஒரு குழி, பிரிசர்வேட்டிவ்களுக்கு ஒன்று, தலைமுடிச் சாயத்தில் வரும் பி.பி.டி.க்கு ஒன்று, நிக்கலுக்கு ஒன்று. விலைக்கு என்று ஒரு குழி கிடையாது. சொல்லப்போனால், காஸ்ட்லி பொருட்களில் வாசனையை அள்ளிக் கொட்டியிருப்பதும் உண்டு. எரிச்சல் அதிலும் வரும்.

ஆகவே அம்மாக்களே, அந்தப் பெண் செய்த தவறு மலிவாக வாங்கியது இல்லை. காஸ்ட்லியான ஒன்றை மலிவாக வாங்கியதுதான். 200 ரூபாய்க்கு, 200 ரூபாய் பொருளை, தைரியமாகத் தன் சொந்தப் பெயரையும் முகவரியையும் போட்டு விற்கும் கம்பெனிகள் இந்தியாவில் எத்தனையோ இருக்கின்றன. அதை வாங்கியிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஆகியிருந்தாலும், லேபிளைப் படித்து எந்தப் பொருள் காரணம் என்று என்னால் தேட முடியும். 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று தள்ளிவிடும் போலிச் சரக்கில் நான் எதைத் தேடுவது? உள்ளே இருப்பது முகத்துக்கான நிறமியா, வேறு எதற்கோ செய்த சாயமா, பிரிசர்வேட்டிவ் போட்டார்களா, போட்டால் எவ்வளவு? கேட்க ஆளில்லை.

சட்டம் இருக்கிறது. அழகுசாதனப் பொருள்களுக்கென்றே 2020இல் தனி விதிகள் வந்தன. நிறமிகளில் ஈயம் 20 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 20 பங்கு) மேல் கூடாது, ஆர்சனிக் 2 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. கண்ணுக்கு அல்லாத பொருள்களில் பாதரசம் வேண்டுமென்று சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் 1 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது. உரிமம் வாங்கித் தயாரிப்பவர் இதற்குக் கட்டுப்பட்டவர், டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து சாம்பிள் எடுக்கலாம். முகவரியே இல்லாதவரிடம் யார் போய் எடுப்பது?

வாங்கும்போது டப்பாவைத் திருப்புங்கள். தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண், தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண், எப்போது வரை பயன்படுத்தலாம் என்ற தேதி, சேர்மானப் பட்டியல். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், இங்கே இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆன்லைனில் என்றால் விற்பவர் யார் என்று பாருங்கள். ஆப்பின் பெயரைப் பார்த்து நம்பக் கூடாது, ஒரே ஆப்பில் பல பேர் கடை போட்டிருப்பார்கள்.

சரி, சரியான பொருளை மலிவாக வாங்கிவிட்டீர்கள். கோடையில் அதற்கும் பிரச்சினை வருகிறது. அதற்கு இன்னொரு பெண்ணைச் சொல்கிறேன்.

நகைக்கடையில் வேலை. காலை பத்து மணிக்குக் கவுன்டரில் நின்றால் இரவு ஒன்பது வரை. மேக்கப் போட்டுத்தான் வர வேண்டும் என்பது கடையின் விதி. சம்பளத்தில் மாதம் 300 ரூபாய்க்கு மேல் முகத்துக்குச் செலவழிக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நெற்றி முழுக்க ஒரே அளவில் கடுகு கடுகாகப் பொரி, தாடையிலும் கொஞ்சம், அரிப்பு. "காம்பேக்ட் மலிவு டாக்டர், அதான் ஒத்துக்கல" என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

காம்பேக்ட்டை வாங்கிப் பார்த்தேன். லேபிள் ஒழுங்காக இருந்தது. டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் நடுவில் கறுத்து, ஓரம் இறுகி, தொட்டால் பிசுபிசுத்தது. எப்போது கழுவினாய் என்று கேட்டால், "கழுவணுமா?" என்கிறாள். பஸ்ஸில் வேர்த்து வழிந்த முகத்தில் அதே ஸ்பாஞ்சால் மதியம் ஒரு டச்சப், சாயந்தரம் ஒரு டச்சப். ராத்திரி வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பஞ்சால் துடைத்துவிட்டு அப்படியே தூங்கிவிடுவாளாம். சோப்புப் போட்டால் தோல் காய்ந்துவிடும் என்று பார்லரில் சொன்னார்களாம்.

அவளுக்கு இருந்தது பருவே இல்லை. மலாசீசியா என்று ஒரு பூஞ்சை நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது, தேமல் கொடுப்பதும் அதன் குடும்பம்தான். வெயிலும் வேர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் முடிக்கால்களில் பெருகி இப்படிப் பொரியும். ஆய்வகத்தில் இதை வளர்க்க வேண்டுமென்றால் அதற்கான சத்துக் கலவையின் மேல் நாங்கள் ஊற்றுவதே எண்ணெயைத்தான். அந்த ஏற்பாட்டை அவள் தினமும் ராத்திரி தன் நெற்றியில் செய்துகொண்டிருந்தாள். நடுவில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பருவுக்கான ஆன்டிபயாட்டிக் வேறு சாப்பிட்டிருக்கிறாள். அதில் பூஞ்சை அடங்காது, இன்னும் கூடும். பூஞ்சைக்கு மருந்து கொடுத்தேன். சுத்தம் செய்யும் முறையை மாற்றினாள். காம்பேக்ட்டை மாற்றவில்லை. இப்போதும் அதே 150 ரூபாய் காம்பேக்ட்தான் போடுகிறாள்.

எண்ணெயால் மேக்கப்பைக் கரைப்பதில் தப்பில்லை. வாட்டர்ப்ரூஃப் மையும் இருபத்து நாலு மணி நேர லிப்ஸ்டிக்கும் வெறும் தண்ணீருக்குப் போகவே போகாது. ஆனால் எண்ணெயில் கரைத்ததை மைல்டான ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவி எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டாவது படி கட்டாயம், விருப்பம் இருந்தால் மட்டும் செய்வது இல்லை. ஸ்பாஞ்சையும் பிரஷ்ஷையும் வாரம் ஒருமுறையாவது ஷாம்பு போட்டு அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே டப்பாவில் போடுங்கள். ஈர ஸ்பாஞ்சை மூடி வைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். வேர்த்த முகத்தின் மேல் பூசாதீர்கள். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம், பிறகு டச்சப். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மேக்கப் பையை வைக்காதீர்கள். மே மாத வெயிலில் அந்தப் பெட்டிக்குள் க்ரீம் திரிந்து எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். பிரிந்ததைக் குலுக்கிப் பூசுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கோடையில் மேக்கப் நிற்கவில்லை என்று கெட்டியாகப் பூசுகிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கெட்டிப் பூச்சு நிற்காது, வழியும். அடியில் வேர்க்குரு வேறு. மெலிசாக ஒரே ஒரு பூச்சு, அதுவும் தேவைப்படும் இடத்தில் மட்டும்.

அடுத்தது, "மேக்கப்லயே எஸ்.பி.எஃப். இருக்கே டாக்டர், தனியா சன்ஸ்கிரீன் எதுக்கு?" ஒரு கணக்குப் போடுவோம். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்ற அளவு), ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்து வாங்கியது. முகம் மொத்தத்துக்கும் ஏறக்குறைய 1 கிராமாவது வேண்டும். உங்கள் காம்பேக்ட்டில் இருப்பதே 9 கிராம். தினம் ஒரு தடவை அந்த அளவுக்குப் போட்டிருந்தால் ஒன்பது நாளில் தீர்ந்திருக்க வேண்டும். ஆறு மாதமாக ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த எஸ்.பி.எஃப்.பில் உங்களுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, கொஞ்சம் ஊறவிட்டு, அதன் மேல்தான் மற்றதெல்லாம்.

இதில் மலிவு காம்பேக்ட்டின் பக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மங்கு இருப்பவர்களுக்குப் புற ஊதாக் கதிர் மட்டும் எதிரி இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைக் கூட்டும். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் அதைச் சரியாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு தடுக்கும். தோல் நிறத்தில் இருக்கும் காம்பேக்ட்டிலும் ஃபவுண்டேஷனிலும் நிறம் கொடுப்பதே அதுதான். அதனால் மங்குக்காக வருபவர்களிடம் மேக்கப்பை நிறுத்தச் சொல்லாமல், சன்ஸ்கிரீனுக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். "டாக்டரே மேக்கப் போடச் சொன்னாங்க" என்று மாமியாரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

புதிதாக ஒன்றை முயன்று பார்ப்பதைப் பற்றி. கல்யாணத்துக்கு முதல் நாள், நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஃபேர்வெல் அன்று காலையில், இப்படித்தான் முயல்கிறார்கள். "கடையில கையில தடவிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்பார்கள். கையில் தடவிப் பார்ப்பது ஷேடு பொருந்துகிறதா என்று பார்க்க. அலர்ஜி அப்படி உடனே தெரிகிற சமாச்சாரம் இல்லை. உடம்பு ஒரு பொருளைப் புதிதாக எதிரியாகப் பதிந்துகொள்ளவே பத்துப் பதினாலு நாள் ஆகும். ஏற்கெனவே பதிந்திருந்தாலும் பூசிப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் சிவக்கும். எனவே முழங்கையின் உள்பக்கம், ஒரு ரூபாய் அளவு இடத்தில், காலையும் மாலையும், ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் தாடையோரம் சில நாள். அதற்குப் பிறகு முகம். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும். ஐந்து பொருள் கொண்ட கிட்டை ஒரே நாளில் பிரித்துப் பூசிவிட்டு எது காரணம் என்று என்னைக் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

எரிந்தால் உடனே கழுவுங்கள். "எரியுதுன்னா வேலை செய்யுது" என்று பார்லரில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடையில் எல்லோரும் தொட்ட டெஸ்டர் லிப்ஸ்டிக்கை உதட்டில் வைக்காதீர்கள், ஹெர்பிஸ் வைரஸ் கொப்புளம் அப்படியும் தொற்றலாம். மை, ஐலைனர், மஸ்காரா எதையும் அக்கா தங்கைக்குள்கூடப் பகிர வேண்டாம். மெட்ராஸ் ஐ வந்தால், அப்போது பயன்படுத்திய கண் மேக்கப் அத்தனையும் குப்பைக்கு. மஸ்காரா திறந்து மூன்று மாதம்தான், மிச்சம் இருந்தாலும் சரி.

இனி சொல்லப்போவது மேக்கப்பே இல்லை. ஆனால் மேக்கப் கடையில்தான் விற்கிறது, மேக்கப் பையில்தான் வந்து சேருகிறது. கோடையில் கறுத்துவிட்டது என்று வாங்கும் 'ஒயிட்டனிங்' க்ரீம். லேபிளில் நம்மால் படிக்க முடியாத மொழி, ஒரே வாரத்தில் வெளுப்பு. இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தில் மலப்புரம் பக்கம் சிறுநீரகம் பாதித்து வந்தவர்களை விசாரித்தபோது இப்படிப்பட்ட க்ரீம்களில் போய் நின்றதை 2023இல் செய்தித்தாள்களிலேயே படித்திருப்பீர்கள். சிறுநீரில் நுரை, காலில் வீக்கம், காரணம் முகத்தில் பூசியது. சேர்மானத்தில் மெர்க்யூரி (பாதரசம்), காலமெல் (பாதரச உப்பு) என்று இருந்தால் தொடாதீர்கள். 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று அச்சடித்திருந்தாலும் உஷாராகிவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு சேரும் என்பது எந்த நகை ஆசாரிக்கும் தெரியும். நகையில் படக் கூடாததை முகத்தில் பூசச் சொல்கிறார்கள், நாமும் பூசுகிறோம்!

இன்னொன்று, பார்லர்களில் மூடியில்லாத குட்டி டப்பாவில் பிரித்துக் கொடுக்கும் 'நைட் க்ரீம்'. பலமுறை அதன் மூலத்தைத் தேடிப் போனால் ஸ்டீராய்டு களிம்பில் முடிந்திருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை அவை, 2018இல் அந்த விதியை இன்னும் இறுக்கினார்கள். ஆனாலும் கிடைக்கிறது. முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, வெயிலில் போனாலே எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அந்தப் பயத்திலேயே தொடர்ந்து பூசுவார்கள். இப்படி ஸ்டீராய்டு கலந்த நைட் க்ரீம் பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தோல் மருத்துவரிடம் வாருங்கள், படிப்படியாக நிறுத்தலாம். யாரும் திட்ட மாட்டோம். நானும்தான்.

கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது, எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: முதல் செலவு சன்ஸ்கிரீன், 400 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கிறது. அடுத்து வாசனை குறைவான ஒரு ஃபேஸ் வாஷ். மீதிப் பணத்தில் ஒரு காம்பேக்ட், ஒரு மை, ஒரு லிப்ஸ்டிக். ஃபவுண்டேஷன் இந்த வெயிலுக்கு வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சின்ன டியூபாக வாங்குங்கள், பெரியது லாபம் என்று பார்க்க வேண்டாம், நீங்கள் தீர்ப்பதற்குள் அது கெட்டுவிடும். பிராண்ட் பெயர் சொல்லச் சொல்லி எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள், சொல்ல மாட்டேன். மேலே சொன்ன லேபிள் விவரம் இருக்கும் எதுவும் சரி.

மேக்கப்பில் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் எல்லா மேக்கப்பையும் நிறுத்துங்கள். மஞ்சள், எலுமிச்சை, கற்றாழை, பேக்கிங் சோடா என்று அதன் மேல் எதையும் போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றுங்கள். கண் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெட்டியையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள், இரண்டையும் கொண்டு வாருங்கள். போலிப் பொருள் என்று தெரிந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம், அதற்கு அந்தப் பெட்டி வேண்டும். முதலில் சொன்ன பெண்ணின் அம்மா, கிளினிக் வாசல் குப்பைத் தொட்டியிலேயே கோபத்தில் அதைப் போட்டுவிட்டுப் போனார். என் நர்ஸ்தான் போய் எடுத்து வந்தார்.